ஊதா சைக்கிளை ஒளித்துவைக்கச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

புதன்கிழமை மத்தியானம் நீ புனேயிலிருந்து போன் செய்தபோது நான் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். உனக்குப் பேசியிருக்கும் பவித்ராவின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்ற நல்ல சேதியைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அந்த சைக்கிள மட்டும் எங்கயாச்சும் மறைச்சு வெச்சிரு. கல்யாணம் முடிஞ்சதும் பழைய இரும்புக் கடையில போட்டிரலாம். உனக்கு நான் ஸ்கூட்டி வாங்கித் தரேன். இனிமே அதுல வேலைக்குப் போகாத" என்றாய். பக்கத்தில் நாலு பேர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும்போது மகனிடம் என்ன வாதாடுவது? "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னேனே தவிர, எனக்கு வலித்தது. அன்று சாயங்காலம் அதே வண்டியில்தான் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே வந்தேன் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நீ சொன்னபடியே ஒளித்தும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உன் அப்பா உனக்குப் பாதி சொல்லியிருப்பார், அதையும் சிரிப்புக்கு நடுவில் சொல்லியிருப்பார். முழுவதையும் நான் எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, பஸ்ஸில் போகும்போதுகூடப் படிக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதற்கு முன்னால் அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரியாதது சில, தெரிந்தும் நீ மறந்துவிட்டது சில.

ரெண்டாயிரம் பிறந்த வருடம் அது. நீ பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா வேலை பார்த்த ஓசூர் வார்ப்படக் கம்பெனிக்குப் புது மெஷின் போட இத்தாலியிலிருந்து மார்க்கோ என்று ஒருவர் வந்து தங்கியிருந்தார். பகலெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டுவார், ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிளம்பிவிடுவார். யானை வரும் சாமி, போகாதீங்க என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கிற ஆளில்லை. அவர் தங்கியிருந்த வீட்டில் மூன்று சைக்கிள்கள் நின்றதை உன் அப்பா பார்த்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டை மறந்து வர்ணித்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒன்றுக்கு முன்சக்கரத்தைப் பிடிக்க இரண்டு கால் இல்லையாம், ஒற்றைக்கால்தானாம். இன்னொன்றில் சீட்டுக்குக் கீழே கம்பியே இல்லையாம், முன்னாலிருந்து நீளும் ஒரு பலகையின் நுனியில் சீட்டு தொங்குமாம், உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுமாம். மூன்றாவதுதான் நம் வண்டி. அவர் ஊரில் அந்த மாதிரி வண்டிகளெல்லாம் அப்போதே பழசாகி, செய்கிறவர்களும் நிறுத்திவிட்டார்களாம். பத்து வருடத்துக்கு முன்னால் ஆளாளுக்கு மனதில் பட்டதையெல்லாம் செய்து பார்த்த காலத்தில் வந்தவை என்றும், தனக்கு அந்தக் காலத்துப் பைத்தியக்காரத்தனம்தான் பிடிக்கும் என்றும் அவர் சொன்னாராம். ஊருக்குக் கிளம்பும்போது ஒற்றைக்காலைப் பெங்களூர் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஊஞ்சலைத் தன்னோடு கட்டி எடுத்துக்கொண்டு, மூன்றாவதை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அது நம் தெருவுக்குள் வந்த சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். முன்பக்கம் நாவல்பழ ஊதா, போகப் போக ரோஸ், வால்பக்கம் வரும்போது கண்ணைக் கூசவைக்கும் எலுமிச்சை மஞ்சள், அதன்மேல் பச்சையைத் தெளித்துவிட்ட மாதிரி புள்ளிகள். போல்ட்டுகூட ஊதா. ஃப்ரேம் என்று பார்த்தால் நம் ஊர் சைக்கிளில் இருக்கும் முக்கோணமே கிடையாது, ஒரு பெரிய கவட்டைக் கம்பு மாதிரி. நடுவில் தடியாக ஒரு ஸ்பிரிங். நம் வீட்டு ஓனர் ரத்னம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்று, "ஏனப்பா இது, சைக்கிளா சர்க்கஸா?" என்று கன்னடம் கலந்து கேட்டார். உன் அப்பா மட்டும் பிள்ளை பெற்றவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நீ ஒரு வாரம் ஓட்டினாய். பள்ளிக்கூடத்தில் உன்னை ஜோக்கர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், ஹேண்டில்பாரில் யாரோ பலூன் கட்டிவிட்டார்கள், நீ அழுகையை அடக்கிக்கொண்டு வந்து வண்டியைப் பின்பக்கச் சுவரில் சாத்திவிட்டு மறுபடி டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தாய். அதற்காக அன்றும் நான் உன்னைக் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். பதினாறு வயதில் எல்லோரையும் போல இருந்தால் போதும் என்றுதான் இருக்கும். எனக்கும் அந்த வயது இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. உன் அப்பாவுக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஃபிட்டராயிற்றே. வீட்டில் அசைகிற பொருள் எதையும் கிரீஸ் வைக்காமல் விடமாட்டார், தையல் மெஷின், கதவுக் கீல், மிக்ஸி மூடிவரை கிரீஸ்தான். சும்மா நின்ற சைக்கிளையும் கழற்றிப் போட்டுத் துடைத்தார். முன்பக்க ஃபோர்க்கின் இரண்டு காலுக்குள்ளும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தில் ரப்பர் கட்டைகள் அடுக்கியிருந்தன. பாவம், காய்ந்து கிடக்கிறதே என்று கம்பெனி கிரீஸை உள்ளங்கையில் அள்ளி இரண்டு காலிலும் திணித்து மூடினார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உன்னை ஏற்றி நசுக்கச் சொன்னார். நீ மாட்டேன் என்றதும் அவரே உருட்டி நசுக்கினார். கார்த்திகை வருவதற்குள் வண்டி முன்னங்கால் மடக்கிய மாடு மாதிரி முன்பக்கம் இறங்கிவிட்டது. திறந்து பார்த்தால் ரப்பரெல்லாம் ஊறி, அழுகிய பலாச்சுளை மாதிரி கையில் ஒட்டுகிறது. உன் அப்பா திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே அன்பு கிரீஸ், அதுவே அந்த வண்டியைத் தின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் ரப்பர் கம்பெனியில் ட்ரிம்மிங்கில் இருப்பவள், பிரஸ்ஸிலிருந்து வரும் புஷ் என்கிற ரப்பர் உருளையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டி எடுப்பதுதான் என் வேலை. எண்ணெய் பட்டால் ஊறிப்போகும் ரப்பர் உண்டு என்பது எங்கள் செக்ஷனில் நேற்று சேர்ந்த பெண்ணுக்கும் தெரியும், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டால் திட்டு விழும். சூப்பர்வைசரிடம் கேட்டு, ஓரம் சரியில்லை என்று ஒதுக்கிவைத்த புஷ் கொஞ்சம் வாங்கி வந்தேன். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் பல ஞாயிற்றுக்கிழமைகளைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி கழித்தோம். முதலில் போட்டது கல் மாதிரி இருந்தது. அடுத்தது கொழகொழவென்று இறங்கிவிட்டது. கடைசியில் கெட்டியானது ஒன்று, மெத்தென்றது ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் வாஷர் போட்டோம். எவ்வளவு இறங்குகிறது என்று கீழே குனிந்து பார்க்க உன் அப்பா வேண்டும், அப்படியானால் மேலே உட்கார ஒரு ஆள் வேண்டும். "நீ உக்காரு, நான் பாக்கறேன்" என்றார். "சேலையோட எங்கங்க உக்கார்றது, பார் இருக்குமே" என்றபடியே காலைத் தூக்கினேன். பார் இல்லை. கவட்டை மாதிரி வளைந்து கிடந்த அந்த நடுப் பள்ளத்தில் கால் சுலபமாக உள்ளே போய்விட்டது.

யோசித்துப் பார் தம்பி. எங்கேயோ மலையிலிருந்து தலைகீழாக இறங்குவதற்காக மீசைக்கார ஆம்பிளைகள் செய்த வண்டி, சேலை கட்டியவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பாவாடை கட்டிய வயதில் மணப்பாறைப் பக்கம் வாடகை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், கல்யாணத்துக்கு அப்புறம் தொட்டதில்லை. அன்றைக்கு உன் அப்பா பின்னால் ஓடிவர, கால்நடைப் பண்ணைக் கேட்டுவரை போய்விட்டுத் திரும்பினேன். திரும்பும்போது அவர் ஓடி வரவில்லை, வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் நிற்காமல் அவரைத் தாண்டி வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனி வேன் நம் பக்கம் வருவதை நிறுத்திவிட்டுப் பாகலூர் ரோடு வழியாகப் போக ஆரம்பித்தது. காலை ஷிஃப்டுக்கு டவுன் பஸ்ஸை நம்பினால் வாரத்தில் இரண்டு நாள் அரை நாள் சம்பளம் போகும். நான் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். உன் அப்பா எண்ணெய் டின்னை வெட்டி செயினுக்கு மறைப்பு போட்டுக் கொடுத்தார். பின்பக்கம் மேலும் கீழும் போவதால் கேரியர் வைக்க முடியாது, சாப்பாட்டுப் பையை உன் பழைய ஸ்கூல் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். இருக்கிற கியரில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தொடவேண்டாம் என்று உன் அப்பா கம்பி போட்டுக் கட்டிவிட்டார். முதல் நாள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னை விசிட்டர் என்று நினைத்து ரெஜிஸ்டரை நீட்டினார். சிப்காட் முழுக்கச் சிரித்தது. ஒரு மாதம் சிரித்தார்கள், அப்புறம் அவர்களுக்கும் வேலை இருந்தது.

அந்த வண்டியில் ஒரு விசித்திரம் உண்டு, உனக்கும் தெரியும். பெடலும் பின்சக்கரமும் ஒரு துண்டு, சீட்டும் ஹேண்டில்பாரும் இன்னொரு துண்டு, நடுவில் ஸ்பிரிங். எழுந்து நின்று மிதித்தால் உடம்பின் பாரமெல்லாம் பின்துண்டின்மேல் விழுந்து ஸ்பிரிங் வேலை செய்யாது, ஒவ்வொரு கல்லும் முழங்காலில் வந்து அடிக்கும். உட்கார்ந்து மிதித்தால் அத்தனை பள்ளத்தையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஆனால் பள்ளத்தைப் பார்த்ததும் யாருக்கும் எழுந்து நிற்கத்தான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உட்காரப் பழகுவதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. இதை நீ காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கியிருக்கிறாய். புனேக் கம்பெனியில் இன்டர்வியூவில் ஏதாவது ஒரு சஸ்பென்ஷனை வரை என்றபோது நம் வண்டியின் பின்பக்கத்தைத்தான் வரைந்தேன் என்று நீயே அன்று போனில் கத்திச் சொன்னாய். இன்றைக்கு ஷாக் அப்சார்பர் டிசைன் செய்து சம்பளம் வாங்குகிற நீ, வீட்டிலிருக்கிற ஷாக் அப்சார்பரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொல்கிறாய். நல்ல நியாயம்.

இந்த வண்டியில் போகாதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீ இல்லை. நீ சேலத்தில் இஞ்சினியரிங் சேர்ந்த வருடம் அப்பா கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் லே-ஆஃப் கொடுத்தார்கள் அல்லவா? கொஞ்ச நாள்தான் என்று உன்னிடம் சொன்னோம். கொஞ்ச நாள் இல்லை. காலையில் நான் கிளம்புவேன், அவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், அவருடைய சிநேகிதர்கள் முன்னால் நான் ஊதாவும் மஞ்சளுமாகக் கடந்து போவேன். ஒரு நாள் வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, "பொண்டாட்டிய சர்க்கஸ் வண்டியில வேலைக்கி அனுப்பிட்டு இங்க உக்காந்து டீ குடிக்கறான்னு பேசறாங்க. நீ இனி பஸ்ல போ" என்றார். எனக்கு வாயில் நிறைய வந்தது. பஸ்ஸுக்குக் காசு உங்க சிநேகிதங்க தருவாங்களா என்பதில் தொடங்கி, வரிசையாக வந்தது. ஏனோ அன்று ஒன்றையும் சொல்லவில்லை. அவர் கையை எடுக்கும்வரை நின்றேன், எடுத்ததும் சீட்டில் உட்கார்ந்து கிளம்பிவிட்டேன். அன்று மாலை மழை. முதுகெல்லாம் சேறு அடித்து வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பின்சக்கரத்துக்கு மேலே தகரத்தில் புதிதாக ஒரு மட்கார்டு, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகிற மாதிரி வெகு சாமர்த்தியமாக மாட்டியிருந்தது. நான் மட்டும் அன்று எழுந்து நின்று பேசியிருந்தால் மட்கார்டு வந்திருக்காது, வேறென்னவோ வந்திருக்கும்.

அப்போதெல்லாம் நீ விடுமுறைக்கு வந்தால் மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் நான் வண்டியோடு நிற்பேன். உன் பெட்டியை ஹேண்டில்பாரில் மாட்டி உருட்டிக்கொண்டு வருவேன். நீ ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்து வருவாய். இரண்டு பேரும் அப்படியே ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டு வருவோம். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ரத்னம்மாவின் மாட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மேலே வைக்கோலைப் போட்டு மூடினேன். ரத்னம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாக்கம்மா ஒளிக்கறே? திருட்டு வண்டியா?" என்று கேட்டார். "பையன் சொல்லிட்டான், சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்கக் கூடாதாம்" என்றேன். அவர் உன்னைப் பற்றிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார், அதை நான் எழுதப்போவதில்லை. பட்டுச்சேலை கட்டி, கேசரி கிண்டி, வாசலில் பெரிய கோலம் போட்டு எல்லாம் தயார். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று பவித்ராவின் அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். நாலு மணிக்குத்தான் உன் அப்பாவுக்குப் பூவும் மிக்சரும் போதாது என்று தோன்றியது, மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு போன் வருகிறது. பவித்ராவின் அம்மா பேசுகிறார். "ஏதோ பெரிய கேட்டு இருக்குதுங்க, உள்ள மாடுங்க மேயுது, இங்கருந்து எப்படிங்க வரணும்?" நான் வழி சொன்னேன். குடிதண்ணீர்க் குழாய் போடுவதற்காக நம் பக்கமெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பது உனக்குத் தெரியாதே. நான் சொன்ன வழி அடைத்துக் கிடந்தது, சுற்றிப் போனவர்கள் மறுபடியும் அதே கேட்டுக்கு வந்து நின்றார்கள். அடுத்த போனிலும் அந்த அம்மாவே பேசினார், குரலில் அவசரம் ஏறியிருந்தது. "இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் பொறந்துரும். அப்பறம் ஆறு மணி வரைக்கும் நாங்க கார்லயேதான் உக்காந்திருக்கணும். யாராச்சும் வந்தாத் தேவலை." உன் அப்பாவுக்குப் போட்டால் செல்போன் அலமாரிக்குள்ளே அடிக்கிறது. உன் சம்பந்தம் மாட்டுப் பண்ணை வாசலில் ராகு காலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறது. நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறாய்? கொட்டகைக்கு ஓடினேன். ரத்னம்மா எனக்கு முன்னால் வைக்கோலை அள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீட்டில் ஒட்டிய வைக்கோலோடு, கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காரைச் சுற்றி நின்ற நாலு பேரும் முதலில் வண்டியைப் பார்த்தார்கள், அப்புறம்தான் என்னைப் பார்த்தார்கள். "நான் பையனோட அம்மாங்க. வணக்கம். நேரமாயிருச்சு, என் பின்னாலயே வாங்க" என்றேன். காரில் ஏறிக்கொண்டார்கள். நான் முன்னால் போகிறேன், கார் பின்னால் வருகிறது. தோண்டிப்போட்ட மண், குழி, குறுக்கே கிடந்த குழாய். வெட்கமும் அவசரமும் சேர்ந்து எழுந்து நின்று மிதிக்கச் சொன்னது. நான் எழவில்லை. உட்கார்ந்தே போனேன். வண்டி ஏறி இறங்கி, மெத்தென்று என்னைக் கொண்டுபோனது, பின்னால் காரின் அடி டங் டங் என்று தரையில் முட்டுவது கேட்டது. தெருமுனையில் உன் அப்பா மிக்சர் பொட்டலத்தோடு மொபெட்டில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சாமி ஊர்வலம் மாதிரி இருந்துச்சு, நான் கும்பிடலாமான்னு பாத்தேன்" என்று அப்புறம் சொன்னார். ராகு காலம் பிறப்பதற்கு முன்னால் எல்லோரும் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது என்று கதை சொல்லமாட்டேன். பவித்ராவின் தாய்மாமா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஏங்க, கம்பெனியில பஸ் விடமாட்டாங்களா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். "விட்டாங்க, நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல" என்றேன். உன் அப்பா இருமினார். காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். உன் கல்யாணம் என்னால் கெட்டுப்போகுமோ என்று அடுப்படியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் நான் பயந்தது மாதிரி சமீபத்தில் எதற்கும் பயந்ததில்லை.

பின்னாலேயே பவித்ராவின் அம்மா வந்தார். "வண்டி உங்களுதுங்களா?" என்றார். நீ சொன்னதெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. ஆனால் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்க, தெனமும் அதுலதான் வேலைக்குப் போறேன்" என்றேன். அவர் பால் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி எங்ககிட்ட இத மட்டும் சொல்லவே இல்லைங்களே. படிப்பு, வேலை, அப்பாவுக்கு வந்த கஷ்டம் எல்லாம் சொல்லுச்சு" என்றார். "மறந்திருப்பான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மறக்கவில்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று என் கையைப் பிடித்து, "கார்ல எங்களுக்கெல்லாம் இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க. முன்னாடி நீங்க மட்டும் தொட்டில்ல போற மாதிரி போனீங்க. நான் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுங்களா?" என்றார்.

ஆம்பிளைகள் கூடத்தில் முகூர்த்த நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பின்கதவு வழியாக வந்தோம். ரத்னம்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் சீட்டைப் பிடித்துக்கொள்ள, உன் வருங்கால மாமியார் மாம்பழக் கலர் பட்டுச்சேலையோடு அந்தப் பள்ளத்தில் காலை விட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் இறங்கியதும் "அய்யய்யோ" என்று என் தோளைப் பிடித்தவர், ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தார். கொட்டகை வாசல்வரை உருட்டிப்போய்க் கொண்டுவந்தோம். இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு சைக்கிள் கத்துக்கணும்னு ஆசைங்க. எங்கப்பா விடல, அப்பறம் நானே விட்டுட்டேன்" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்ததில் வந்ததா வேறெதிலாவது வந்ததா என்று நான் கேட்கவில்லை. அதற்குள் காபிக்கு வைத்த பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. தை மாதத்தில் நாள் குறித்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது அவர் கணவர் வண்டியின் பக்கத்தில் குனிந்து ஃபோர்க்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க, ரப்பரா?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு அது போதாதா? ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

உனக்குப் பெண் பார்த்ததில் எனக்கு முழுத் திருப்தி, தம்பி. வேலை இருக்கிறது, முட்டி வலிக்கவில்லை, உன் அப்பா வாசலில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வண்டி சுவரில் சாய்ந்து நிற்கிறது. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? புத்தி சொல்லவேண்டும் என்று கடிதத்தை ஆரம்பிக்கவில்லை, ஆனாலும் அம்மாவாகப் பிறந்துவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கரடுமுரடு வரும். வரும்போது எழுந்து நிற்காதே, உட்கார். இன்னொன்று, உனக்குத் தெரிந்த ஒரே அன்பை எல்லாவற்றுக்கும் அள்ளி அப்பாதே. அந்தப் பெண் எதனால் ஆனவள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். உன் அப்பாவின் பலாச்சுளையை நினைத்துக்கொள். ஸ்கூட்டி வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. உன் மாமியாருக்கு வாங்கிக் கொடு, கற்றுக்கொடுக்க நான் இருக்கிறேன்.

வண்டியை இரும்புக் கடைக்குப் போடமாட்டேன். ஒளிக்கவும் மாட்டேன், ஒரு தடவை ஒளித்ததே போதும். நான் வேலையை விடும்வரை அதில்தான் போவேன். அதற்கப்புறம் காய்கறி வாங்கப் போவேன்.

இனி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தை மாதம் தாலி கட்டி முடித்து, ஓசூர் மண்டபத்திலிருந்து பவித்ராவை நம் வீட்டுக்கு அழைத்து வருவாய். ஆரத்தி எடுக்க ரத்னம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவர் தட்டோடு வாசலில் நிற்பார். நான் வாசலில் இருக்கமாட்டேன். பண்ணைக் கேட்டில் காரை நிறுத்தச் சொல். ஊதா வண்டியோடு அங்கே நிற்பேன். வீட்டுக்கு வழி உனக்குத் தெரியும். இருந்தாலும் என் பின்னாலேயே வா.

என்றும் உன்,
அம்மா